இருபத்து நான்கு மணி நேரத்தில் திரும்பலாம் என்றார்கள்

1985 மே 12, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அன்று அன்னையர் தினம். பிலடெல்பியா நகரின் மேற்கே, ஓசேஜ் அவென்யூ என்ற சிறிய தெருவில் போலீஸார் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். எல்லோரும் காலி செய்ய வேண்டும், மாற்றுத் துணியும் பல் துலக்கும் பிரஷும் எடுத்துக்கொண்டால் போதும், இருபத்து நான்கு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். கேட்டவர்கள் பல வருஷமாக அங்கேயே குடியிருந்து, ஒழுங்காக வரி கட்டி வந்த கறுப்பினக் குடும்பஸ்தர்கள். சொன்னபடி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வாழ்நாளெல்லாம் சேர்த்ததை உள்ளேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் இரவு நெருப்பு அடங்கியபோது ஓசேஜ் அவென்யூவிலும் பக்கத்துப் பைன் தெருவிலுமாக 61 வீடுகள் எரிந்து சாம்பலாகியிருந்தன. சுமார் 250 பேருக்குப் போக்கிடம் இல்லை. பதினோரு பேர் செத்திருந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மின்கசிவோ எரிவாயுக் கசிவோ இதற்குக் காரணமில்லை. போலீஸ் குண்டு போட்டிருந்தது. ஹெலிகாப்டரிலிருந்து, உள்ளே ஆட்கள் இருப்பது தெரிந்தே, ஒரு வீட்டின் கூரை மேல்.

இந்தச் சம்பவத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் செத்துப்போன பதினோரு பேரைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அது நியாயம்தான். ஆனால் வீட்டைப் பறிகொடுத்தவர்கள் அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லை. சொல்லப்போனால், பக்கத்து வீட்டுத் தொல்லை தாங்காமல் அரசாங்கத்தின் கதவைத் தட்டியவர்களே அவர்கள்தான். வீடு எரிந்தது ஒரு மாலைப் பொழுதில். அந்தத் தெருவிலிருந்து அவர்களில் பலர் கடைசியாக வெளியேறியது அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து, நகராட்சி கொடுத்த காசோலையோடு. கதையின் அந்தப் பாதியைப் பேசுகிறவர்கள் குறைவு.

முதலில் அந்த வீடுகளைப் பற்றி. ஓசேஜ் அவென்யூ இருக்கும் பகுதிக்குக் காப்ஸ் கிரீக் என்று பெயர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய இரண்டு மாடி வீடுகள், நம் ஊர் அக்கிரகாரம் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டி, வாசலில் சின்னத் திண்ணையோடு வரிசையாக நிற்கும். ஆரம்பத்தில் வெள்ளையர் குடியிருப்பு. 1950-களிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் வாங்கி வரத் தொடங்கின, வெள்ளையர்கள் விற்றுவிட்டுப் புறநகருக்குப் போனார்கள். 1985 வாக்கில் அது மாதச் சம்பளக்காரர்களும் ஓய்வு பெற்றவர்களும் இருந்த, பெருக்கித் துடைத்து வைத்த மாதிரியான கறுப்பின நடுத்தர வர்க்கத் தெரு.

அமெரிக்காவில் கறுப்பினத்தவர் ஒருவர் சொந்த வீடு வாங்குவது அவ்வளவு லேசான காரியமாக இருந்ததில்லை. 1930-களில் வீட்டுக் கடன்களுக்காக மத்திய அரசு அமைத்த நிறுவனம் ஒன்று நகரங்களுக்கு வண்ண வரைபடம் போட்டது. கடன் கொடுத்தால் திரும்பி வராது என்று நினைத்த இடங்களுக்குச் சிவப்பு. கறுப்பர்கள் வசித்த இடங்கள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பில்தான் விழுந்தன. கடனுக்கு அரசு உத்தரவாதம் கிடையாது, ஆகவே வங்கியும் கொடுக்காது. பிலடெல்பியாவுக்கும் அப்படி ஒரு வரைபடம் உண்டு. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்ப்பது குற்றம் என்று மத்தியச் சட்டம் வந்ததே 1968-ல்தான். இவ்வளவையும் தாண்டி ஒரு வீட்டை வாங்கி, முப்பது வருஷக் கடனை அடைத்து முடிக்கிற குடும்பத்துக்கு அதுதான் சேமிப்பு, அதுதான் பிள்ளைகளுக்கு விட்டுப்போகும் சொத்து. வேறு பெரிதாக ஒன்றும் இருக்காது.

அந்தத் தெருவின் 6221-ஆம் எண் வீட்டில் 1980-களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார்கள் 'மூவ்' அமைப்பினர். 1972-ல் ஜான் ஆப்பிரிக்கா என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் தொடங்கிய கூட்டம் அது. உறுப்பினர்கள் எல்லோருக்குமே குடும்பப் பெயர் ஆப்பிரிக்கா. ஏறக்குறைய எல்லோரும் கறுப்பர்கள். சடைமுடி, பச்சைக் காய்கறி, நிறைய நாய்கள், நவீன எந்திரங்கள் மேல் வெறுப்பு, போலீஸ் மேல் அதைவிட வெறுப்பு.

போலீஸோடு அவர்களுக்குப் பழைய கணக்கும் இருந்தது. 1978 ஆகஸ்ட் 8 அன்று, பவெல்டன் வில்லேஜ் என்ற இடத்தில் அவர்கள் அப்போது இருந்த வீட்டைப் போலீஸ் முற்றுகையிட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஜேம்ஸ் ராம்ப் என்ற போலீஸ்காரர் இறந்தார். மூவ் உறுப்பினர்கள் ஒன்பது பேருக்கு ஆளுக்கு 30 முதல் 100 வருஷம் சிறை. சரணடைந்து வெளியே வந்த ஒருவரைப் போலீஸார் அடித்து உதைத்தது கேமராவில் பதிவானது. அதற்காக வழக்குக்கு உள்ளான போலீஸார் விடுதலையானார்கள். அந்த வீட்டை அன்றைக்கே இடித்துத் தள்ளிவிட்டார்கள். யார் எங்கிருந்து சுட்டார்கள் என்ற தடயமும் இடிபாட்டோடு போயிற்று என்பது மூவ் தரப்பின் வாதம்.

அப்போதைய மேயர் ஃபிராங்க் ரிஸ்ஸோ, அதற்கு முன் போலீஸ் கமிஷனராக இருந்தவர். 1970-ல் கருஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின அமைப்பின் அலுவலகத்தைச் சோதனை போட்டபோது அவருடைய போலீஸார் இளைஞர்களைத் தெருவில் நிறுத்தி, ஆடையை அவிழ்க்க வைத்துச் சோதித்த படம் நாடெங்கும் வந்தது. 1979-ல் அமெரிக்க நீதித்துறை அமைச்சகமே பிலடெல்பியா போலீஸின் அத்துமீறல்களுக்காக மேயரையும் உயர் அதிகாரிகளையும் எதிர்த்து வழக்குப் போட்டது. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது.

ஓசேஜ் அவென்யூவுக்கு வந்த மூவ், சிறையில் இருக்கும் தங்கள் ஒன்பது பேரையும் விடுவிக்க வேண்டும் என்று 1983 கிறிஸ்துமஸிலிருந்து ஒலிபெருக்கி வைத்துக் கத்தத் தொடங்கியது. எந்திரத்தை வெறுத்தவர்கள் ஒலிபெருக்கியை மட்டும் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பது தனிக் கேள்வி. இரவு பகல் பார்க்காமல் காது கூசும் கெட்ட வார்த்தைகள். வீட்டைச் சுற்றிக் குப்பை, எலி. குழந்தைகள் பசியோடு குப்பையைக் கிளறுவதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் பதறினார்கள். கூரை மேல் மரக்கட்டைகளும் இரும்புத் தகடுகளும் கொண்டு மூவ்காரர்கள் காவல் கூண்டு ஒன்றை எழுப்பினார்கள்.

தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள். மேயரைப் பார்த்தார்கள். அப்போது மேயர் வில்சன் கூட், நகரத்தின் முதல் கறுப்பின மேயர். வட கரோலினாவில் குத்தகை விவசாயிகளின் மகனாகப் பிறந்தவர். கறுப்பின மக்கள் திரண்டு வாக்களித்து 1984 ஜனவரியில் பதவியேற்றவர். மூவ் விஷயத்தில் அவர் செய்ததெல்லாம் கண்ணை மூடிக்கொண்டதுதான். சமாதானப்படுத்துவது, மோதாமல் நழுவுவது, தள்ளிப்போடுவது, இதுவே அவர் கொள்கையாக இருந்தது என்று பிறகு விசாரணைக் கமிஷனே எழுதியது. பொறுத்துப் பார்த்த தெருக்காரர்கள் 1985 மே தொடக்கத்தில் நிருபர்களைக் கூட்டி, மாநில ஆளுநரிடமே முறையிட்டார்கள். அது தொலைக்காட்சியில் வந்தது. அதன்பின் நகர நிர்வாகம் விழித்துக்கொண்ட வேகம்தான் விபரீதம். ஒன்றரை வருஷம் ஒன்றும் செய்யாதவர்கள் இரண்டே வாரத்துக்குள் படையெடுத்தார்கள். அள்ளித் தெளித்த அவசரக் கோலம்.

சட்டப்படி அன்றைய வேலை நான்கு பேரைக் கைது செய்வது. அதற்கான வாரண்டுகளை நீதிமன்றத்தில் வாங்கிக் கொடுத்தவர் மாவட்ட அரசு வழக்கறிஞர் எட் ரெண்டல். பிற்பாடு நகர மேயராகவும் மாநில ஆளுநராகவும் ஆனவர். நான்கு பேருக்காக வந்து நின்ற போலீஸார் சுமார் 500 பேர்.

மே 13 விடியற்காலையில் போலீஸ் கமிஷனர் கிரெகோர் சாம்போர் ஒலிபெருக்கியை எடுத்தார். இது அமெரிக்கா, இந்த நாட்டுச் சட்டத்துக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டும் என்று அறிவித்தார். வெளியே வர பதினைந்து நிமிடக் கெடு. யாரும் வரவில்லை. கண்ணீர்ப்புகை, பீரங்கி மாதிரித் தண்ணீர் பீய்ச்சும் தீயணைப்பு எந்திரங்கள், அடுத்தடுத்த வீடுகளின் பொதுச் சுவரில் வெடி வைத்து ஓட்டை போடும் முயற்சி என்று ஒவ்வொன்றாக நடந்தன. துப்பாக்கிச் சூடு தொடங்கியதும் போலீஸார் ஒன்றரை மணி நேரத்துக்குள் 10,000-க்கும் மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டார்கள். உள்ளே குழந்தைகள் இருப்பது கமிஷனருக்கும் தெரியும், மேயருக்கும் தெரியும். பிற்பாடு இடிபாட்டில் தேடியபோது மூவ் தரப்பின் தானியங்கித் துப்பாக்கி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

சாயங்காலம் 5:27. மாநிலப் போலீஸின் ஹெலிகாப்டர் 6221-க்கு மேலே வந்து நின்றது. கையில் பையோடு அதில் இருந்தவர் நகரப் போலீஸின் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவுத் தலைவர். குண்டு வெடிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம். பையில் இருந்தவை சுரங்க வேலைக்கு உதவும் டோவெக்ஸ் வெடிமருந்தும், எஃப்.பி.ஐ. முன்னரே நகரப் போலீஸுக்குக் கொடுத்திருந்த சி-4 ரக ராணுவ வெடிமருந்தும். கூரையிலிருந்த காவல் கூண்டை உடைப்பதற்காக என்று சொல்லி அதைப் போட்டார். கூண்டு உடையவில்லை. கூரையில் பெட்ரோல் இருந்தது, அது பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில் அணைத்திருந்தால் ஒரு வீட்டோடு போயிருக்கும். காலையிலிருந்து அதே வீட்டின் மேல் ஆயிரக்கணக்கான காலன் தண்ணீரைக் கொட்டிய எந்திரங்கள் அங்கேயேதான் நின்றன. கூண்டு எரிந்து விழட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போலீஸ் கமிஷனரும் தீயணைப்புக் கமிஷனர் வில்லியம் ரிச்மண்டும் முடிவெடுத்தார்கள். தண்ணீர் திறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அதற்குள் நெருப்பு கூரைக்குக் கூரை தாவி, இடையிலிருந்த சந்தினைக் கடந்து பைன் தெருவைப் பிடித்துவிட்டது. மேயர் கூட் தன் அலுவலகத்தில் தொலைக்காட்சியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் தெரிந்த வெள்ளைப் புள்ளிகளைத் தண்ணீர் அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டதாக அவர் பின்னால் சாட்சியம் சொன்னார். சரியாகச் சிக்னல் கிடைக்காத தொலைக்காட்சிப் பெட்டியின் புள்ளிகள் அவை.

எரியும் வீட்டிலிருந்து உயிரோடு தப்பியவர்கள் ரமோனா ஆப்பிரிக்கா என்ற பெண்ணும் 13 வயதுப் பையன் ஒருவனும் மட்டும். அந்தப் பையனைத் தூக்கி வந்து காப்பாற்றியவரும் ஒரு போலீஸ்காரர்தான். அதற்காக அவருடைய லாக்கரின் மேல் கறுப்பரின் அடிவருடி என்ற பொருளில் சக போலீஸார் கிறுக்கி வைத்தார்கள். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அந்த நேரம் தெருக்காரர்கள் எங்கே இருந்தார்கள்? சொந்தக்காரர் வீடுகளிலும், போலீஸ் தடுப்புக்கு அப்பாலும், தொலைக்காட்சிகளுக்கு முன்னாலும். தங்கள் வீடு எரிவதை நேரலையில் பார்த்தார்கள்.

மேயர் அமைத்த விசாரணைக் கமிஷன் அந்த அக்டோபரிலும் நவம்பரிலும் பகிரங்கமாகச் சாட்சிகளை விசாரித்தது. நகரமே தொலைக்காட்சியில் அதைப் பார்த்தது. வழக்கறிஞர் வில்லியம் பிரவுன் தலைமையிலான பதினோரு பேர் கொண்ட அந்தக் கமிஷன் 1986 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. ஆள் இருக்கும் வீட்டின் மேல் குண்டு போட்டது மனசாட்சிக்கு ஒவ்வாத செயல் என்றது. குழந்தைகள் இருக்கும் வீட்டை நோக்கி அத்தனை ஆயிரம் தோட்டா சுட்டது மிகை என்றது. தப்ப முயன்ற சிலர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டால் மறுபடி நெருப்புக்குள் போக நேர்ந்தது என்றது. இதே வீடு, இதே தொல்லை, வெள்ளையர் குடியிருப்பில் இருந்திருந்தால் இப்படி முடிவெடுத்திருக்க மாட்டார்கள் என்றும் பெரும்பான்மை உறுப்பினர்கள் எழுதினார்கள். அந்த வரியை ஏற்காமல் ஓர் உறுப்பினர் தனிக் குறிப்பு எழுதினார். மேயர் கறுப்பர், நகர நிர்வாக இயக்குநர் லியோ புரூக்ஸ் கறுப்பர், இதில் இனம் எங்கே வந்தது என்று கேட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். நாற்காலியில் யார் இருக்கிறார் என்பதை வைத்து மட்டும் இதைத் தீர்மானித்துவிட முடியாது. எந்தத் தெருவென்றால் துணியலாம், எந்தத் தெருவென்றால் கூடாது என்ற கணக்கு நாற்காலியில் இருப்பவர் மாறுவதற்கு முன்பே போட்டு வைத்ததாக இருக்கும்.

அதிகாரிகள் யார் மேலும் குற்ற வழக்கு வரவில்லை. 1988-ல் விசாரித்த நடுவர் குழு தேவையில்லை என்றுவிட்டது. சாம்போர் பதவி விலகினார். கூட் 1987-ல் மறுபடி நின்று, எதிர்த்து நின்ற அதே ரிஸ்ஸோவைத் தோற்கடித்து மேயரானார். அன்றைய சம்பவத்துக்காகச் சிறைக்குப் போனவர் ரமோனா ஆப்பிரிக்கா ஒருவர்தான், ஏழு வருஷம்.

இனி வீடுகள். எரிந்த எல்லா வீட்டையும் நகரமே கட்டித் தரும், கிறிஸ்துமஸுக்குள் குடிபோகலாம் என்று கூட் உறுதி சொன்னார். கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. ஒப்பந்தம் எடுத்தவர் திட்டப் பணத்தைத் திருடிய குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். வேறு ஆட்களைப் பிடித்து ஒருவழியாகக் கட்டி முடித்தார்கள். குடிபோன கொஞ்ச நாளிலேயே ஒழுகத் தொடங்கிய கூரைகள், கோளாறான மின்கம்பிகள், ஓயாத குழாய்த் தொல்லை, புகையை வெளியே தள்ளாமல் வீட்டுக்குள்ளேயே விடும் வெப்பமூட்டிகள். பழைய வீடுகள் அறுபது வருஷம் நின்றவை. இவை பத்து வருஷம் தாங்கத் தடுமாறின. நகராட்சி ஒட்டுப் போடும், மறுபடி பிய்த்துக்கொள்ளும், மறுபடி மனு. போலீஸை அழைத்ததற்கு இவர்கள் கட்டிய அபராதம் இது என்று சொன்னாலும் தப்பில்லை.

2000-ஆம் ஆண்டில் அப்போதைய மேயர் ஜான் ஸ்ட்ரீட்டின் நிர்வாகம் கணக்குப் பார்த்தது. பழுது பார்ப்பதைவிட ஆட்களைக் கிளப்பிவிடுவது மலிவு என்று தோன்றியிருக்கிறது. வீட்டுக்கு 1,50,000 டாலர், வாங்கிக்கொண்டு கிளம்புங்கள் என்றார்கள். ஒரு தடவை எரித்து, ஒரு தடவை ஒழுகவிட்டு, மூன்றாம் தடவையாக விலை பேசினார்கள். பெரும்பாலோர் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிறையப் பேருக்கு வயதாகியிருந்தது, வழக்காட ஆயுள் இல்லை. 24 வீட்டுக்காரர்கள் மட்டும் மாட்டோம் என்று நீதிமன்றம் போனார்கள். 2005-ல் மத்திய நீதிமன்றத்தின் நடுவர் குழு அவர்களுக்குச் சாதகமாக 1 கோடியே 28 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு என்று தீர்ப்பளித்தது.

போனவர்களின் வீடுகளுக்குப் பலகை அடித்துவிட்டு நகராட்சி மறந்துவிட்டது. பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்தத் தெருவில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் கண்ணை மூடிக்கொண்டு நின்றன. நடுவில் குடியிருந்த முதியவர்கள் பூட்டிய வீடுகளுக்கு மத்தியில் வயதானார்கள். 2016-ல்தான் அவற்றில் 36 வீடுகளைப் புதுப்பித்து விற்க ஒரு கட்டுமான நிறுவனத்தை நகர மேம்பாட்டு ஆணையம் தேர்ந்தெடுத்தது. வாங்க வந்தவர்களில் பலருக்குத் தெருவின் கதை தெரிந்திருக்கவில்லை. ஒரு பள்ளியின் பிள்ளைகள் விடாமல் முயன்று 2017-ல் தெருமுனையில் ஒரு வரலாற்றுப் பலகை வைக்கச் செய்தார்கள். நகர மன்றம் முறையாக மன்னிப்புக் கேட்டது 2020 நவம்பரில், முப்பத்தைந்து வருஷம் கழித்து. அடுத்த வருஷமே இன்னொரு பூதம் கிளம்பியது. இறந்த குழந்தை ஒன்றினுடையதாகக் கருதப்பட்ட எலும்புகளைப் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வைத்துக்கொண்டு, இணைய வழி வகுப்பில் காட்டியிருந்தது தெரியவந்தது. மிச்ச உடல் பாகங்களைக் குடும்பத்தாருக்குச் சொல்லாமலே எரித்துவிட 2017-ல் உத்தரவிட்டதற்காக நகர சுகாதார ஆணையர் தாமஸ் ஃபார்லி 2021 மே மாதம் பதவி விலகினார். எரித்ததாகச் சொன்ன பெட்டி மறுநாளே பிணவறை அலுவலகத்தில் அப்படியே கிடைத்தது.

குண்டு போட்டது ஒரு தடவை நடந்த கிறுக்குத்தனம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அதே பிலடெல்பியாவில் பிற்காலத்தில் போலீஸ் சத்தமில்லாமல் வீடுகளை எடுத்துக்கொள்ள ஒரு வழி வாய்த்தது. அதற்கு ஹெலிகாப்டர் வேண்டாம், ஒரு பூட்டு போதும்.

போதைப்பொருள் குற்றத்தோடு தொடர்புள்ள சொத்தை அரசு பறிமுதல் செய்யலாம் என்று ஒரு சட்டம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. விஷயம் அது எப்படி ஓடுகிறது என்பதில் இருக்கிறது. வழக்கு ஆள் மேல் வராது, வீட்டின் மேல் வரும். அரசாங்கம் ஒரு பக்கம், கதவு எண்ணோடு கூடிய வீடு எதிர்வாதி. வீட்டுக்குக் குற்றவாளிக்குள்ள உரிமைகள் கிடையாது. இலவச வக்கீல் கிடையாது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர் எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை. மகனோ பேரனோ வாசலில் நின்று கொஞ்சம் கஞ்சா விற்றது போதும். எனக்குத் தெரியாமல் நடந்தது என்பதை நிரூபிக்கும் பாரம் 2017 வரை அம்மாவின் தலையில்தான் இருந்தது.

பிலடெல்பியா நகர மண்டபத்தில் 478-ஆம் எண் அறை இதற்கென்றே இருந்தது. பெயர் நீதிமன்ற அறை, நீதிபதி கிடையாது. வழக்குப் போட்ட அரசு வழக்கறிஞர்களே அங்கே உட்கார்ந்து கூப்பிடுவார்கள், படிவம் கொடுப்பார்கள், அடுத்த மாதம் வா என்பார்கள். வேலைக்கு லீவு போட்டு மறுபடி மறுபடி வர வேண்டும். ஒரு தடவை தவறினால் வீடு போச்சு. சில வழக்குகளில் முன்னறிவிப்பே இல்லாமல் போலீஸ் வந்து குடும்பத்தை வெளியேற்றிக் கதவைப் பூட்டிவிடும். பறிமுதலில் வந்த பணம் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் போலீஸுக்குமே போனது. சம்பளத்துக்கும் அதிலிருந்து எடுத்தார்கள். 2002-லிருந்து 2012 வரை அப்படிச் சேர்ந்தது 6.4 கோடி டாலருக்கு மேல். அந்தக் காலத்தில் எடுத்தவற்றில் வீடும் மனையுமாகவே ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் ஏழைகள், கறுப்பினத்தவர், ஸ்பானிஷ் பேசுவோர் வசிக்கும் பகுதிகளில்.

மேற்கு பிலடெல்பியாவில், எழுபது வயதைத் தாண்டிய கறுப்பின விதவை ஒருவரின் வீட்டையும் காரையும் இப்படிக் கேட்டது அரசு. மகன் விற்றது 200 டாலர்கூடப் பெறாத கஞ்சா. அம்மா மேல் எந்த வழக்கும் இல்லை. கீழ் நீதிமன்றம் வீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்றது, மேல் நீதிமன்றம் கூடாது என்றது, அரசு வழக்கறிஞர் அலுவலகம் விடாமல் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 மே மாதம் அந்த நீதிமன்றம் அம்மாவின் பக்கம் நின்றது. பறிமுதலும் ஒரு வகை அபராதமே, குற்றத்துக்கு மிஞ்சிய அபராதத்தை அரசியல் சாசனம் அனுமதிக்காது, வீடு இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்பதையும் நீதிபதி பார்க்க வேண்டும் என்றது.

இன்னொரு பக்கம், நாற்பது டாலர் ஹெராயினை மகன் விற்றதற்காக 2014-ல் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு குடும்பமும் வேறு சிலரும் பாதிக்கப்பட்ட எல்லோர் சார்பிலும் வழக்குப் போட்டார்கள். 2018 செப்டம்பரில் நகரம் சமரசத்துக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 30 லட்சம் டாலர் நிதி. இனிமேல் பிலடெல்பியாவில் பறிமுதல் பணம் போலீஸுக்கோ அரசு வழக்கறிஞருக்கோ போகாது, போதைத் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் போகும். பென்சில்வேனியா மாநிலமும் 2017-ல் சட்டத்தைத் திருத்தி, அரசுத் தரப்பு இன்னும் வலுவான ஆதாரம் காட்ட வேண்டும் என்று ஆக்கியது. ஆனால் வருமானம் யாருக்கு என்ற பகுதியில் கைவைக்கவில்லை. பிலடெல்பியா எல்லையைத் தாண்டினால், மாநிலத்தின் மற்ற மாவட்டங்களில் பறிமுதல் செய்த வீட்டை விற்ற பணம், வழக்குப் போட்டவர்களின் கஜானாவுக்கே போகும்படிதான் அந்தத் திருத்தமும் விட்டு வைத்தது.